தாயிஃப்: மக்காவின் தோட்டமா, இணை நகரமா?

1. கேள்வி

மேற்கு அரேபியாவின் ஹிஜாஸ் பகுதியில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,880 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது தாயிஃப் நகரம். 2022ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் அங்கு வாழ்கிறார்கள். தமிழ் வாசகர்களில் பலருக்கு இந்தப் பெயர் நபிகள் நாயகத்தின் வாழ்க்கை வரலாற்றின் வழியாகவே அறிமுகமாகியிருக்கும். மக்காவில் ஆதரவை இழந்த காலத்தில் அவர் நாடிச் சென்ற ஊர் அது. செவிசாய்க்க மறுத்து, கல்லெறிந்து அவரைத் துரத்திய ஊர். அந்த நிகழ்வுக்கு அப்பால் தாயிஃபுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாறோ பெரும்பாலும் மக்காவின் அடிக்குறிப்பாகவே எழுதப்பட்டிருக்கிறது: மக்காவுக்குப் பழம் அனுப்பிய ஊர், மக்காவின் செல்வர்கள் கோடையைக் கழித்த ஊர், புனித நகரத்தின் தோட்டம்.

இந்த வருணனை எவ்வளவு தூரம் சரி? தாயிஃப் மக்காவைச் சார்ந்து வாழ்ந்த ஊரா, மக்கா தாயிஃபைச் சார்ந்து வாழ்ந்ததா, அல்லது இரண்டையும் ஒரே பொருளாதாரத்தின் இரு மையங்களாகக் காண வேண்டுமா? மலை, நீர், நில உரிமை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் மூன்றாவது விடையே சான்றுகளுக்குப் பொருந்துகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். ‘தோட்டம்’ என்ற படிமம் நிலவியலிலிருந்து தானாக முளைத்தது அன்று. நிலம் யார் கைக்கு மாறியது, வரலாற்றை யார் எழுதினார்கள் என்ற இரண்டும் சேர்ந்து அதை உருவாக்கின.

2. மலையும் நீரும்

செங்கடலுக்கு இணையாக வடக்கு தெற்காக ஓடும் சரவாத் மலைத்தொடரின் மேல்விளிம்பில் தாயிஃப் இருக்கிறது. மேற்கே அல்-ஹதா, தென்மேற்கே அஷ்-ஷஃபா என்னும் உயர்ந்த முகடுகள். அவற்றைத் தாண்டியதும் நிலம் செங்குத்தாகச் சரிந்து திஹாமா என்ற கடலோரச் சமவெளியில் இறங்குகிறது. மக்கா அந்தச் சரிவின் அடிவாரத்தில், சுமார் 277 மீட்டர் உயரத்தில், வறண்ட குன்றுகளுக்கு நடுவே கிடக்கிறது. இரு நகரங்களுக்கும் நேர்கோட்டுத் தூரம் எழுபது கிலோமீட்டருக்குள் அடங்கும். உயர வேறுபாடோ ஆயிரத்து அறுநூறு மீட்டர். ஜூலை மாதத்தில் மக்காவின் பகல் வெப்பம் நாற்பது டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும்போது தாயிஃபில் அது முப்பத்தைந்தை ஒட்டி நிற்கும். இரவில் குளிர்ந்த காற்று வீசும்.

தாயிஃபின் மழையும் அதிகமில்லை. ஆண்டுக்கு 150 முதல் 200 மில்லிமீட்டர் என்பது தமிழ்நாட்டின் மிக வறண்ட வட்டாரத்தோடு ஒப்பிட்டாலும் சொற்பம். ஆனால் மேல்விளிம்பில் மேகம் மோதுவதால் முகடுகளில் மழை கூடுதலாகப் பெய்கிறது. அந்த நீர் பாறை இடுக்குகள் வழியாகப் பள்ளத்தாக்குகளின் வண்டல் மண்ணில் இறங்கித் தங்குகிறது. வஜ் பள்ளத்தாக்கு அவற்றில் முதன்மையானது. இஸ்லாத்துக்கு முந்தைய காலத்தில் ஊருக்கே வஜ் என்றுதான் பெயர். ஆழமில்லாத கிணறுகள், வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தும் சிறு அணைகள், மண் அரிக்காதபடி கல் அடுக்கிக் கட்டிய படிவயல்கள் ஆகியவற்றைக் கொண்டே இங்கு வேளாண்மை நடந்தது. ஆகவே தாயிஃபின் பசுமையை இயற்கையின் கொடை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. உழைப்பும் நீர் நுட்பமும் கூடாமல் அந்த உயரம் பயன் தந்திருக்காது.

3. இதுவரையான ஆய்வுகள்

தாயிஃபைத் தனி ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்ட முதல் மேற்கத்திய அறிஞர்களில் ஒருவர் பெய்ரூத்தில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி ஆன்றி லாம்மென்ஸ். 1922இல் வெளியான அவரது நூல் ஹிஜ்ராவுக்கு முந்தைய தாயிஃபின் குலங்கள், தோட்டங்கள், தொழில்கள் பற்றிய அரபுக் குறிப்புகளைப் பெருமளவு திரட்டித் தந்தது. தரவுகளுக்காக அது இன்றும் பயன்படுகிறது. மக்காவை ஒரு ‘வணிகக் குடியரசாக’ உருப்பெருக்கிக் காட்டும் ஆர்வத்தில் தாயிஃபை அதன் நிழலில் நிறுத்திவிட்டது அதன் குறை. மாண்ட்கோமரி வாட் 1953இல் வெளியிட்ட நூலில் தாயிஃபை மக்காவின் வணிகப் போட்டியாளராகக் கண்டார். ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் அரபுக் குலங்களிடையே நடந்த ஃபிஜார் போர்களுக்குப் பின் அது மக்காவின் ஆதிக்கத்துக்குள் வந்தது என்பது அவர் முடிவு.

1979இல் எம். ஜே. கிஸ்டர் எழுதிய கட்டுரை இந்த விவாதத்தின் திசையை மாற்றியது. மக்காவின் குறைஷியர் வஜ் பள்ளத்தாக்கில் எப்படி நிலம் வாங்கினார்கள், தாயிஃபின் ஸகீஃப் குலத்தார் எப்படி அதை எதிர்த்தார்கள் என்று காட்டும் அறியப்படாத குறிப்புகளை அவர் வெளிக்கொணர்ந்தார். அவற்றில் ஒன்று கவனத்துக்குரியது. எங்கள் புனித எல்லையில் உங்களுக்குப் பங்கு தருகிறோம், உங்கள் வஜ்ஜில் எங்களுக்குப் பங்கு கொடுங்கள் என்று குறைஷியர் கேட்டார்களாம். எங்கள் முன்னோர் பாறையைப் பிளந்து உருவாக்கிய நிலம் இது. உங்கள் புனித எல்லையோ நீங்கள் உருவாக்கியதன்று, இப்ராஹீம் நிறுவியது என்று ஸகீஃபியர் மறுத்தார்களாம். பிற்காலத்தில் எழுதப்பட்ட இந்த உரையாடல் சொல்லுக்குச் சொல் நடந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் உழைத்து உண்டாக்கிய நிலம், மரபாக வந்த புனிதம் என்ற இரு வகைச் செல்வங்கள் அதில் எதிரெதிரே நிற்கின்றன.

பட்ரீஷியா குரோனின் 1987ஆம் ஆண்டு நூல் இன்னும் கூர்மையான கேள்வியை எழுப்பியது. மலை முகட்டை ஒட்டிச் செல்லும் வணிகக் கூட்டம், நீரும் உணவும் கிடைக்கும் தாயிஃபில் தங்காமல், செங்குத்தாக இறங்கி விளைச்சலற்ற மக்காவுக்கு ஏன் போக வேண்டும்? வாசனைப் பொருள் வணிகத்தால் மக்கா செழித்தது என்ற பழைய கருத்தை அசைக்கவே அவர் இதைக் கேட்டார். அந்தக் கேள்வியின் மறுபாதியை நாம் எடுத்துக்கொள்ளலாம்: இயற்கை வசதி தாயிஃபின் பக்கம் இருந்தும் தலைமை மக்காவிடம் போனது எப்படி?

4. சான்றுகள்: நிலம், கடன், தோல்

முதல் சான்று எல்லோரும் அறிந்த நிகழ்விலேயே இருக்கிறது. தாயிஃபில் கல்லடி பட்ட நபிகள் நாயகம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் ஒதுங்கினார். நினிவே ஊரைச் சேர்ந்த அத்தாஸ் என்ற கிறிஸ்தவ அடிமை அவருக்குத் தட்டில் திராட்சை கொண்டுவந்து கொடுத்தார் என்று இப்னு இஸ்ஹாக்கின் வரலாறு சொல்கிறது. பக்தி நோக்கில் இந்தக் காட்சி பலமுறை விளக்கப்பட்டிருக்கிறது. பொருளாதார நோக்கில் அதில் ஒரு செய்தி உண்டு: அந்தத் தோட்டத்தின் உரிமையாளர்களான உத்பாவும் ஷைபாவும் மக்காவின் குறைஷியர். அதாவது 620ஐ ஒட்டிய காலத்திலேயே தாயிஃபின் தோட்ட நிலத்தில் ஒரு பகுதி மக்காவாசிகள் கையில் இருந்தது. பக்கத்தில் குடியிராத உடைமையாளர், வெளியூர் அடிமை உழைப்பு, சந்தைக்கான பயிர் என மூன்றும் ஒரே காட்சியில் வந்துவிடுகின்றன.

ஒன்பதாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பலாதுரி இதைப் பொதுநிலையாகவே எழுதுகிறார். குறைஷியரில் பெரும்பாலோருக்குத் தாயிஃபில் சொத்து இருந்தது. மக்காவிலிருந்து வந்து அதைப் பராமரித்தார்கள். மக்கா முஸ்லிம்கள் வசமானபோது ஸகீஃபியர் அந்த நிலங்களைத் தமதாக்க முனைந்தார்கள். தாயிஃபும் வசமானதும் அவை மக்காவாசிகளிடமே நிலைத்தன. தாயிஃப் மக்காவின் ஆட்சிப் பகுதியாயிற்று. ‘மக்காவின் தோட்டம்’ என்ற நிலைக்குச் சட்ட வடிவம் கிடைத்தது இங்கேதான்.

இரண்டாவது சான்று கடன். வட்டியைக் கைவிடச் சொல்லும் குர்ஆன் வசனத்துக்கு (2:278) விளக்கவுரையாளர்கள் தரும் பின்னணிகளில் ஒன்று, ஸகீஃப் குலத்தின் ஒரு கிளைக்கும் மக்காவின் மக்ஸூம் குடும்பம் ஒன்றுக்கும் இடையே இருந்த வட்டி நிலுவை. இதில் கடன் கொடுத்தவர்கள் தாயிஃப்காரர்கள். மறுபக்கம், நபிகளின் சிறிய தந்தை அப்பாஸ் ஸகீஃபியருக்குக் கடன் கொடுத்திருந்தார் என்ற குறிப்புகளும் உண்டு. அவருடைய தாயிஃப் தோட்டத்தின் உலர்திராட்சைதான் ஹஜ் பயணிகளுக்கு வழங்கிய இனிப்பு நீரில் ஊறவைக்கப்பட்டது. பணம் இரு திசையிலும் ஓடியிருக்கிறது. ஒருவர் மட்டும் எஜமானராக இருந்த உறவின் அடையாளம் அது இல்லை.

மூன்றாவது சான்று தோல். பத்தாம் நூற்றாண்டு யமன் அறிஞர் ஹம்தானி தாயிஃபை, இஸ்லாத்துக்கு முந்தைய ‘அறியாமைக் காலம்’ தொட்டே தோல் பதனிடும் ஊர் என்று குறிப்பிடுகிறார். தொழிலுக்கு வேண்டிய எல்லாம் அருகில் இருந்தன: சுற்றியுள்ள மேய்ச்சல் குலங்களின் ஆடு, ஒட்டகத் தோல், ஓடும் நீர், பதனிடக் கருவேலங்காய். மக்காவில் தோல் கிடைத்தாலும் பதனிட நீர் இல்லை. குறைஷியர் சிரியாவுக்குக் கொண்டுசென்ற பண்டங்களில் தோல் முக்கியமானது என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. 2007இல் குரோன் தமது பழைய நிலைப்பாட்டைத் திருத்தி எழுதிய கட்டுரையில், ரோமப் படைக்குக் கூடாரத்துக்கும் சேணத்துக்கும் கவசத்துக்கும் ஏராளமான தோல் தேவைப்பட்டது, குறைஷியரின் வணிகம் அந்தத் தேவையை நம்பியிருக்கலாம் என்ற கருதுகோளை முன்வைத்தார். அது சரியானால், மக்காவின் செல்வத்துக்கு அடிப்படையான பண்டம் கணிசமான அளவில் மலைமேல்தான் உருவாகியிருக்கும். வணிகரின் பெயர் நிலைத்தது; பதனிட்டவர்களின் ஊர் பின்னுக்குப் போனது.

5. மதிலும் புனித எல்லையும்

தாயிஃபுக்கு வேளாண்மையும் தொழிலும் மட்டும் இருந்திருந்தால் அதை வளமான கிராமம் என்று ஒதுக்கிவிடலாம். அதற்கு அரசியல், சமய நிறுவனங்களும் இருந்தன. லாத் என்னும் பெண் தெய்வத்தின் திருத்தலம் அங்கே இருந்தது. அதற்கெனக் காவலர், காணிக்கை, வேட்டையும் மரம் வெட்டுதலும் தடைசெய்யப்பட்ட எல்லை ஆகியன இருந்தன. ஊரைச் சுற்றி மதில் இருந்தது; மக்காவுக்கு அது இல்லை. பாரசீகப் பேரரசரிடம் சென்ற ஸகீஃப் தலைவர் கைலான் அங்கிருந்து கட்டடக் கலைஞரின் உதவி பெற்று வந்தார் என்றும் ஒரு மரபு உண்டு.

மதிலின் பயன் 630இல் தெரிந்தது. ஹுனைன் போருக்குப் பின் முஸ்லிம் படை தாயிஃபைச் சில வாரங்கள் முற்றுகையிட்டது. கவண்பொறி கொண்டு கல் வீசியது. திராட்சைக் கொடிகளை வெட்ட ஆணையிடப்பட்டது. வேண்டுகோளின் பேரில் அந்த ஆணை நிறுத்தப்பட்டது. ஊர் விழவில்லை, முற்றுகை விலக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஸகீஃபியர் தாமே தூதுக்குழு அனுப்பிப் பேச்சுவார்த்தை நடத்தி இஸ்லாத்தை ஏற்றார்கள். லாத்தின் தலத்தை இடித்தவர்களில் ஒருவர் அக்குலத்தவரான முகீரா பின் ஷுஅபாவே. வஜ் பள்ளத்தாக்கின் மரங்களுக்கும் விலங்குகளுக்கும் இருந்த பாதுகாப்பு அந்த உடன்படிக்கையிலும் ஏற்கப்பட்டதாக மரபு கூறுகிறது. ஷாஃபிஈ சட்ட மரபில் வஜ் தனிப் புனித எல்லையாக இடம்பெறுவது அதன் தொடர்ச்சி. தெய்வம் போன பிறகும் எல்லை நிலைத்தது என்பது, அந்த எல்லைக்குச் சூழல் காக்கும் பயனும் இருந்ததைக் காட்டுகிறது. மரம் அழிந்தால் மண் அரிக்கும். மண் போனால் தோட்டம் இல்லை.

குர்ஆனின் ஒரு வசனம் (43:31) இவ்விவாதத்தில் நேரடியாக முக்கியமானது. இறைச்செய்தி இரண்டு ஊர்களில் ஏதேனும் ஒன்றைச் சேர்ந்த பெரிய மனிதர் ஒருவருக்கு வந்திருக்கக் கூடாதா என்று எதிர்ப்பாளர்கள் கேட்டதாக அது குறிப்பிடுகிறது. அந்த இரண்டு ஊர்கள் மக்காவும் தாயிஃபும் என்பது விளக்கவுரையாளர்களின் பொதுவான கருத்து. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்தவர்கள் இவ்விரண்டையும் இணையாக வைத்தே பேசினார்கள் என்பதற்கு இதைவிடப் பழமையான சான்று நம்மிடம் இல்லை.

பின்னாளில் இந்த இணைநிலை ஏன் மங்கியது? மூல நூல்களின் சார்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். உமய்யாக்களின் ஆட்சியில் ஸகீஃப் குலம் வியப்பூட்டும் எண்ணிக்கையில் நிர்வாகிகளைத் தந்தது. கூஃபாவை ஆண்ட முகீரா, ஈராக்கை இரும்புக் கரத்தால் ஆண்ட ஹஜ்ஜாஜ் பின் யூசுஃப், 711–712இல் சிந்துவை வென்ற முகம்மது பின் காசிம் எல்லோரும் அக்குலத்தவர். ஹஜ்ஜாஜ் மீதான வெறுப்பு அப்பாஸியர் கால எழுத்துகளில் ஸகீஃபியர் அனைவர் மீதும் படிந்தது. இறைத்தண்டனையால் அழிந்த ஸமூத் இனத்தின் எச்சம் அவர்கள் என்ற கதையும், யானைப் படையோடு வந்த அப்ரஹாவுக்கு மக்காவின் வழியைக் காட்டிய அபூ ரிகால் அவர்கள் முன்னோன் என்ற கதையும் பரவின. நமக்குக் கிடைக்கும் தாயிஃப் வரலாறு, தாயிஃபை வென்றவர்களும் வெறுத்தவர்களும் வடிகட்டித் தந்த வரலாறு. அதில் ‘தோட்டம்’ என்ற சொல் இடம்பெறும்போதெல்லாம் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

6. கலீஃபாக்களின் முதலீடு

உமய்யாக் காலத்தில் தாயிஃப் பெருநில முதலீட்டின் களமாயிற்று. கலீஃபா முஆவியா அங்கே நிலம் வாங்கினார். யமனிலிருந்தும் யத்ரிபிலிருந்தும் வெளியேற்றப்பட்டு வணிகத்துக்காக அங்கு குடியேறியிருந்த யூதர் ஒருவரிடமிருந்து வாங்கினார் என்று பலாதுரி எழுதுகிறார். இந்த முதலீட்டுக்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது. நகருக்கு அருகே உள்ள சைசத் அணையின் பாறையில், அணை முஆவியாவுக்கு உரியது என்றும் ஹிஜ்ரி 58இல் (கி.பி. 677–678) கட்டப்பட்டது என்றும் சொல்லும் கூஃபி எழுத்துப் பொறிப்பு உள்ளது. 1948இல் ஜார்ஜ் மைல்ஸ் பதிப்பித்த இது, ஆண்டு குறிக்கப்பட்ட மிகப் பழைய இஸ்லாமியக் கல்வெட்டுகளில் ஒன்று. பிற்கால ஏடுகளைப் போலன்றி, ஐயத்துக்கு இடம் தராத சமகாலச் சான்று என்பதே இதன் மதிப்பு.

தளபதி அம்ர் பின் அல்-ஆஸின் வஹ்த் தோட்டத்தில் பத்து லட்சம் பந்தல்கால்கள் இருந்தன, ஒவ்வொன்றும் ஒரு திர்ஹம் பெறும் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டு நிலவியல் தொகுப்பாளர் யாகூத் பதிவு செய்கிறார். அங்கே குவிந்து கிடந்த உலர்திராட்சையைத் தொலைவிலிருந்து கண்ட கலீஃபா சுலைமான், கரிய எரிமலைப் பாறைகள் என்று நினைத்தாராம். பத்து லட்சம் என்ற எண்ணை நம்ப வேண்டியதில்லை. எகிப்தை வென்ற தளபதியின் செல்வம் தாயிஃபின் கொடிப்பந்தலில் இறக்கப்பட்டது என்ற செய்தி நம்பத் தக்கது. பேரரசின் வருவாய் மலைக்கு ஏறியது. மலையின் விளைச்சல் உடைமையாளரைத் தேடி இறங்கியது.

7. கோட்டையும் கோடைத் தலைநகரமும்

இடைக்கால நூற்றாண்டுகளில் தாயிஃப் மக்காவின் ஆட்சியாளர்களான ஷரீஃப்களின் கோடை வாழிடமாகத் தொடர்ந்தது. 1814 ஆகஸ்டில் அங்கு சென்ற சுவிஸ் பயணி யோகான் புர்க்ஹார்ட் பெரும்பகுதி இடிந்த நகரத்தைக் கண்டார். பத்தாண்டுகளுக்கு முன் வஹ்ஹாபியப் படைகள் ஊரைத் தாக்கி மக்களைக் கொன்றிருந்தன. நகரைச் சூழ்ந்த தோட்டங்களின் திராட்சையும் ரோஜாவும் ஹிஜாஸ் முழுவதும் செல்வதாகவும், முன்பு மக்காவின் பெருவணிகர்கள் கோடையில் இங்கே வந்து தங்கியதாகவும் அவர் எழுதினார். அங்கு குடியேறிய வெளிநாட்டவரில் பெரும்பாலோர் இந்திய வம்சாவளியினர், அவர்களில் பலர் மருந்துச் சரக்கு வணிகர்கள் என்ற அவருடைய குறிப்பு நமக்கு முக்கியமானது. இந்தியப் பெருங்கடல் வணிகத்தின் கிளை ஜித்தாவோடு நின்றுவிடாமல் மலைமேலும் ஏறியிருக்கிறது.

நஜ்து பீடபூமியிலிருந்து மக்காவுக்கு வரும் வழி தாயிஃபைத் தொட்டே இறங்குகிறது. கிழக்கிலிருந்து வரும் பயணிகள் புனிதப் பயண உடையான இஹ்ராம் அணியும் கர்னுல் மனாஸில் எல்லை இதனருகில்தான் இருக்கிறது. எனவே மக்காவுக்கான போட்டியில் தாயிஃப் முக்கியமான களமாயிற்று. 1916 செப்டம்பரில் உதுமானிய ஆளுநர் காலிப் பாஷா அரபுக் கிளர்ச்சியாளர்களிடம் சரணடைந்தது இங்கேதான். 1924 செப்டம்பரில் சவூதித் தரப்பின் இக்வான் படை ஊருக்குள் புகுந்து நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. அடுத்த மாதமே மக்கா எதிர்ப்பின்றி வீழ்ந்தது. தாயிஃபின் இரத்தம்தான் மக்காவைப் போரின்றிப் பணியவைத்தது.

சவூதி அரசு இந்நகரத்தைக் கோடைத் தலைநகரமாக்கிக்கொண்டது. யமனோடு 1934இல் செய்த எல்லை உடன்படிக்கை, 1981இல் மக்காவோடு சேர்த்து நடந்த இஸ்லாமிய உச்சி மாநாடு, லெபனான் உள்நாட்டுப் போரை முடிக்க வழிசெய்த 1989ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஆகியவை தாயிஃபின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. 1990இல் ஈராக் படையெடுப்பால் வெளியேறிய குவைத் அரசு இங்கிருந்தே இயங்கியது. மக்காவில் முஸ்லிமல்லாதார் நுழைய முடியாது. தாயிஃபில் அந்தத் தடை இல்லை. புனிதத் தலத்துக்கு அருகே இருந்துகொண்டே எல்லோரையும் வரவேற்க இயன்றதும் இந்நகரத்தின் அரசியல் பயன்.

8. ரோஜாவும் கடல்நீரும்

இன்று தாயிஃபின் அடையாளம் ரோஜா. மார்ச் இறுதி தொடங்கிச் சுமார் நாற்பத்தைந்து நாட்கள், விடியலுக்கு முன்பே அல்-ஹதாவிலும் அஷ்-ஷஃபாவிலும் பூப்பறிப்பு நடக்கிறது; வெயில் ஏறினால் நறுமண எண்ணெய் ஆவியாகிவிடும். செப்புக் கலங்களில் பூவை நீரோடு காய்ச்சி வடித்து அத்தரும் பன்னீரும் எடுக்கிறார்கள். அத்தரை இன்றும் தோலாக் கணக்கில்தான் விற்கிறார்கள். அந்த இந்திய எடை அளவில் ஒன்று 11.66 கிராம். ஒரு தோலா அத்தருக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பூக்கள் வேண்டும். கஅபாவைக் கழுவும் சடங்கில் ரோஜா மணம் பயன்படுவதால் மக்காவோடு உள்ள பழைய உறவு இந்தப் பொருளிலும் தொடர்கிறது. 2024இல் யுனெஸ்கோ தாயிஃப் ரோஜாவைச் சார்ந்த பண்பாட்டு நடைமுறைகளை மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் நீரின் கதை தலைகீழாகியிருக்கிறது. நகரம் பெருத்ததும் கிணறுகளாலும் அணைகளாலும் ஈடுகொடுக்க முடியவில்லை. செங்கடலோரத்து ஷுஐபா ஆலையில் உப்பு நீக்கிய நீர், குழாய்வழி மலையேற்றப்பட்டுத் தாயிஃபுக்கு வருகிறது. மலையின் நீரில் விளைந்த பழமும் தோலும் சமவெளியை வாழவைத்த காலம் போய், சமவெளியின் நீர் எரிசக்தியால் மேலே தள்ளப்படும் காலம் வந்திருக்கிறது. தாயிஃப் பிறரை நம்பியிருந்தது என்ற பழைய கூற்று ஏழாம் நூற்றாண்டைவிட இருபத்தோராம் நூற்றாண்டுக்கே கூடுதலாகப் பொருந்துகிறது. ஆனால் இன்று அது நம்பியிருப்பது மக்காவை அன்று. கடலோர ஆலையையும் அதை இயக்கும் அரசையும்.

9. முடிவுரை

சான்றுகளைத் தொகுத்துப் பார்த்தால் மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று, இஸ்லாம் தோன்றிய காலத்தில் தாயிஃப் தனக்கென மதிலும் புனித எல்லையும் தொழிலும் மூலதனமும் கொண்ட முழு நகரம். மக்காவிடம் இருந்தது சந்தையும் திருத்தலமும். தாயிஃபிடம் இருந்தது நீரும் உற்பத்தியும். ஒன்றில்லாமல் மற்றொன்று நெடுநாள் நிலைத்திருக்க முடியாது. இரண்டு, அந்தச் சமநிலை குலைந்ததற்கு நிலவியல் காரணமில்லை. நிலம் மெல்ல மெல்ல வெளியூர் உடைமையாகியதும், 630க்குப் பின் அந்த உடைமை ஆட்சியதிகாரத்தால் உறுதிப்பட்டதுமே காரணம். மூன்று, தாயிஃபை ‘தோட்டம்’ என்று சுருக்கும் வழக்கம் உடைமையாளரின் பார்வை. பாறையை உடைத்துப் படிவயல் கட்டியவர்களின் பார்வை அதில் இல்லை.

அரேபிய வரலாற்றை வணிகப் பாதைகளாலும் திருத்தலங்களாலும் மட்டுமே விளக்கும் பழக்கம் இன்னும் வலுவாக இருக்கிறது. தோல் பதனிட்ட தொட்டிகள், வெள்ளம் தடுத்த அணைகள், மலைச்சரிவின் படிவயல்கள் ஆகியவற்றின் தொல்லியல் அதே அக்கறையோடு எழுதப்பட வேண்டும். சைசத் அணையின் ஒரு பொறிப்பு ஏடுகள் சொல்லாத உறுதியைத் தந்திருக்கிறது. வஜ் பள்ளத்தாக்கின் கட்டுமானங்களை நகர விரிவாக்கம் விழுங்குவதற்கு முன் முறையாக ஆராய்ந்தால், மக்காவின் வரலாற்றையே நாம் வேறு விதமாக எழுத வேண்டியிருக்கும்.